மூன்று கேள்வியில் தனிமையை அளந்துவிட முடியுமா?

கடலோடி:
உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2025இல் அறிக்கை வெளியிட்டது. இந்த மாதிரி எண்களைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. பல பெரிய கணக்கெடுப்புகளில் கேட்பது மூன்றே கேள்விகள்தான். துணைக்கு ஆளில்லை என்று எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது? ஒதுக்கப்பட்டதாக? மற்றவர்களிடமிருந்து விலகி இருப்பதாக? 'அரிதாக' என்றால் 1, 'சில நேரம்' என்றால் 2, 'அடிக்கடி' என்றால் 3. கூட்டினால் 3 முதல் 9 வரை வரும். கணவரைப் பறிகொடுத்தவரும், வேலைக்காகப் புது ஊருக்கு வந்து யாரையும் தெரியாமல் இருப்பவரும் இரண்டு பேருமே 7. இதற்குப் பெயர் அளவீடா?

செங்காந்தள்:
அந்த மூன்று கேள்விகளும் யாரோ போகிற போக்கில் எழுதியவை அல்ல. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1978இல் உருவான 20 கேள்வி அளவுகோல்தான் மூலம். முதலில் எல்லா வாக்கியங்களும் தனிமையின் பக்கமே சாய்ந்திருந்தன. எதற்கெடுத்தாலும் ஆமாம் போடுகிறவர்களால் கணக்கு கெடும் என்பதால் 1980இல் 'என்னைப் புரிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள்' போன்ற வாக்கியங்களையும் கலந்தார்கள். 2004இல் தொலைபேசிக் கணக்கெடுப்புக்காக மூன்றாகச் சுருக்கினார்கள். மூன்றிலும் 'தனிமை' என்ற சொல்லே கிடையாது, கவனித்தீர்களா? நேராகக் கேட்டால் வெட்கப்பட்டு இல்லை என்று சொல்லிவிடுகிறவர்கள் நிறைய. அப்புறம், அந்த 7 ஒருவருடைய வேதனையைச் சொல்ல வந்த எண் அல்ல. ஆயிரக்கணக்கானவர்களை ஒப்பிடும்போதுதான் அதற்குப் பொருள்.

மழைக்கால வாசகி:
நான் வீடு வீடாகப் போய் இந்தக் கேள்விகளைக் கேட்டிருக்கிறேன். ஒரு பெரியவரிடம் கேட்டபோது பக்கத்தில் மருமகள். "துணைக்கு ஆளில்லைன்னு தோணுமாங்க ஐயா?" என்றேன். அவர் வாயைத் திறப்பதற்குள் மருமகள், "நாங்க இத்தனை பேர் இருக்கோமே!" என்றார். பெரியவரும் தலையாட்டினார். 'அரிதாக' என்று குறித்துக்கொண்டேன். மருமகள் எழுந்து உள்ளே போனதும் அவர் மெதுவாகச் சொன்னார்: "அவ போனப்புறம் யார்கிட்டயும் ஒரு பேச்சையும் முழுசாப் பேசி முடிச்சதில்லம்மா." மனைவியைச் சொன்னார். பதிலை மாற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டார், மாற்றினேன். கேள்வி எப்படி இருக்கிறது என்பதைப் போலவே அறையில் யார் இருக்கிறார்கள் என்பதும் முக்கியம். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கடலோடி:
நான் சொல்வதும் இதைத்தானே! அவர் மறுபடி வாய் திறக்கவில்லை என்றால் உங்கள் அட்டவணையில் அவர் சந்தோஷமான மனிதர். சரி, மாற்றிவிட்டீர்கள், எண் கூடியது. அதை வைத்து என்ன செய்வார்கள்? முதியோர் ஒன்றுகூடல் நடத்துவார்கள். அவருக்குக் கூட்டமா குறை?

செங்காந்தள்:
இல்லை. அதற்காகத்தான் டி யாங் கீர்வெல்ட் அளவுகோல் இருக்கிறது. நெருக்கமான ஒருவர் இல்லாத ஏக்கம் வேறு, பழகும் வட்டம் இல்லாத குறை வேறு என்று பிரித்துக் கேட்கும். 2006இல் வந்த சுருக்க வடிவத்தில் ஆறே கேள்விகள். லப்பன் அளவுகோல் இன்னொரு பக்கம்: எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள், எத்தனை பேரிடம் உதவி கேட்க முடியும் என்று எண்ணிக்கையைக் கேட்கும். சுருக்க வடிவில் 30க்கு 12க்குக் கீழே போனால் சமூகத் தொடர்பு அறுந்துபோகும் ஆபத்து என்று கொள்வார்கள். வீடு நிறைய ஆள் உள்ள அந்தப் பெரியவர் அதில் தேறிவிடலாம், முந்தையதில் மாட்டிக்கொள்வார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எந்த உதவி யாருக்கு என்று தெரியும். எண்ணே வேண்டாம் என்றால், நடத்திய உதவித் திட்டம் பலித்ததா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

கடலோடி:
பிரித்துக் கேட்பதை ஏற்கிறேன். அப்படியானால் பிரித்தே வெளியிடட்டும். ஆறில் ஒருவர் என்று ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுப்பதைத்தான் ஏற்க மாட்டேன்.

மழைக்கால வாசகி:
பிரிட்டன் புள்ளியியல் அலுவலகம் 2018இல் அந்த மூன்றோடு 'எவ்வளவு அடிக்கடி தனிமையாக உணர்கிறீர்கள்?' என்ற நேரடிக் கேள்வியையும் சேர்த்துக் கேட்கப் பரிந்துரைத்தது. மறைமுகமாக ஒன்று, நேராக ஒன்று. எனக்கு அது பிடித்திருக்கிறது. கூடவே, தாளை அவர்கள் கையிலேயே கொடுத்து, தனியாக உட்கார்ந்து நிரப்ப விடுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் வீட்டாரை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.