துளித் திசுவிலிருந்து செல்களைப் பிரிக்க வழி உண்டா?

கேள்வி: பாளையங்கோட்டையில் ஆய்வு மாணவி நான். அரிசி மணி அளவு எலி மூளைத் திசுவிலிருந்து மைக்ரோகிளியாவை (மூளையின் நோய் எதிர்ப்பு செல்கள்) மட்டும் பிரித்து ஆர்.என்.ஏ. (எந்த ஜீன்கள் இயங்குகின்றன என்று காட்டும் மூலக்கூறு) எடுக்க வேண்டும். செல் சார்ட்டர் (செல்களை வகைவாரியாகப் பிரிக்கும் மெஷின்) பக்கத்தில் இல்லை. என்ன செய்யலாம் அண்ணாச்சி?

பதில்: சிடி11பி (மைக்ரோகிளியாவின் மேற்பரப்பில் உள்ள புரதம்) மீது ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி பூசிய காந்த மணிகளைப் பாருங்க தங்கச்சி, பெரிய மெஷினே வேண்டாம். ஆனால் 37 டிகிரியில் என்சைம் போட்டுத் திசுவைக் கரைத்தால் ஃபாஸ் (Fos), ஜூன் (Jun) மாதிரியான, செல் தூண்டப்பட்டதும் இயங்கும் ஜீன்கள் எகிறிவிடும், அது எலி மூளையில் நடந்ததே இல்லை, நாம் உண்டாக்கியது. அதனால் ஐஸில் வைத்தே கையால் மெதுவாக அரைத்துச் செல்களைப் பிரித்தெடுங்கள்.

இன்னொரு பதில்: சரியான யோசனை. ஒரு செல்லில் மொத்த ஆர்.என்.ஏ. சுமார் 10 பிக்கோகிராம்தான் (ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு ஒரு பிக்கோகிராம்), அதனால் வீணாகாமல் பிரித்ததும் நேராக லைசிஸ் பஃபரில் (செல்லை உடைக்கும் கரைசல்) விட்டு மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள்.

மாணவி: திசு உறைந்திருந்தால்?

பதில்: முழுசெல் தேறாது. உட்கருவைப் பிரிக்கலாம்.