கம்பெனி திடீரென்று மூடியபோது உங்களுக்கு நடந்தது என்ன?

வீட்டுக்கடன்காரன்

கம்பெனி மூடுகிற கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். முதலில் சம்பளம் தள்ளிப்போகும், அப்புறம் பாதி வரும், அப்புறம் ஒரு மெயில் வரும். எங்களுக்கும் அப்படித்தான். நான் அதை எழுத வரவில்லை.

மெயில் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், வீட்டுக் கடனுக்குச் சம்பளச் சான்று வாங்கக் கணக்குப் பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்த மேடம் எனக்குப் பல வருடப் பழக்கம். வழக்கமாகக் கேட்ட உடனே அச்செடுத்து முத்திரை குத்திக் கொடுத்துவிடுவார். அன்றைக்குத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே, "இந்த மாசமே வாங்கணுமா?" என்று கேட்டார். "ஆமா மேடம், வட்டி ஏறப்போகுதுன்னு சொல்றாங்க" என்றேன். "வீட்ல நல்லா கலந்து பேசிட்டீங்களா?" என்றார். பேசியாச்சு என்றேன். முத்திரையைக் குத்தி நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கடன் கிடைத்தது. முதல் தவணைக்கு முன்பே வேலை போய்விட்டது. இப்போது வேறு இடத்தில் இருக்கிறேன், தவணையும் எப்படியோ ஓடுகிறது. ஆனால் அந்தக் கேள்வி மட்டும் உள்ளேயே கிடக்கிறது. தெரிந்துதான் கேட்டாரா? தெரிந்திருந்தால் இன்னும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா? அவர் மேல் கோபப்படுவதா, அந்த அளவாவது கேட்டாரே என்று நினைப்பதா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

இரவு ஷிப்ட்

சொல்லியிருக்க வேண்டும். அதில் என்ன யோசனை? ஒரு மனிதர் முப்பது வருடக் கடனில் கையெழுத்துப் போடப் போகிறார். சாடையாகக் கேள்வி கேட்டால் யாருக்குப் புரியும்?

எங்களுக்கு மெயில்கூட இல்லை. இரவு ஷிப்டுக்குப் போனோம், கேட்டில் பூட்டு, பக்கத்தில் ஒரு நோட்டீஸ். பகல் ஷிப்டை முன்கூட்டியே வெளியே அனுப்பிவிட்டுப் பூட்டியிருக்கிறார்கள். எங்கள் செருப்பு, கண்ணாடி, ஒருத்தருடைய சர்க்கரை மாத்திரை எல்லாம் உள்ளே லாக்கரில்.

காவலுக்கு இருந்தவர் எங்களைவிட வயதானவர். அவருக்கும் ரெண்டு மாதமாகச் சம்பளம் இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. பசங்க கத்தினார்கள், கேட்டைத் தட்டினார்கள். அவர் பேசாமல் உள்ளே போய் வருகைப் பதிவேட்டை எடுத்து வந்து, கம்பிக்கு இந்தப் பக்கம் நீட்டினார். "ஒவ்வொருத்தரா பேரு, டோக்கன் நம்பர், வந்த நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நீங்க வேலைக்கு வந்தீங்க, அவங்கதான் விடலைன்னு இருக்கட்டும்" என்றார். கத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வரிசையில் நின்று எழுதினோம். வந்த நேரம் நிரம்பியது, போன நேரம் காலியாகவே இருந்தது. பிறகு தொழிலாளர் அலுவலகத்தில் பேச்சுவார்த்தை நடந்தபோது, நாங்களாக வேலையை விட்டு நின்றுவிட்டோம் என்று நிர்வாகம் சொன்னது. அந்தப் பக்கங்களை வைத்துத்தான் எங்களால் பதில் சொல்ல முடிந்தது.

தன் வேலை போகிற ராத்திரியில் அந்த மனிதருக்கு அந்த யோசனை வந்ததே. அவர் பெயரைக்கூட நாங்கள் யாரும் ஒழுங்காகக் கேட்டு வைக்கவில்லை.

கணக்குப்பிரிவு

நான் கணக்குப் பிரிவில் இருந்தவள். அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

எங்களுக்கு எல்லாம் தெரியும் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எங்கள் கண்ணில் படுவது இவ்வளவுதான்: சரக்குக் கொடுத்தவர்களின் காசோலையை நிறுத்தி வை என்பார்கள். ஜிஎஸ்டி தாமதமாகும். பிஎஃப் பணத்தைச் சம்பளத்தில் பிடித்திருப்போம், செலுத்த அனுமதி வராது. கணக்கில் இருப்பதற்கு மேல் வங்கியிலிருந்து எடுக்கும் ஓவர்டிராஃப்ட் எல்லை வரை போய் நிற்கும். சரி, மூழ்கப்போகிறது என்று நாம் நினைக்கும்போது ஒரு பெரிய பில் வசூலாகி எல்லாம் சீராகிவிடும். இப்படிப் பல தடவை எழுந்து நின்ற கம்பெனிகள் இருக்கின்றன. ஒருத்தரிடம் "மூடப்போறாங்க" என்று நான் சொன்னால் சாயங்காலத்துக்குள் வங்கிக்கும் சப்ளையருக்கும் போய்ச் சேரும். பிழைத்திருக்கக்கூடிய கம்பெனியை அந்த வதந்தியே சாய்த்துவிடும். அந்த மேடத்துக்கு உறுதியாகத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. பயம் இருந்திருக்கும். பயத்தை வைத்து எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு சொல்லியிருக்கிறார்.

என்னை விடாத ஒன்று உண்டு. கடைசிச் சம்பளக் கோப்பு. வங்கியில் இருந்த பணம் எல்லாருக்கும் போதாது. "இருக்கிற வரைக்கும் போடுங்க, சின்னச் சம்பளத்திலிருந்து ஆரம்பிங்க" என்று மேலே இருந்து சொன்னார்கள். பட்டியலைத் தொகை வாரியாக அடுக்கி, கீழிருந்து கூட்டிக்கொண்டே வந்தேன். என் பெயருக்கு நாலைந்து வரி முன்னால் பணம் தீர்ந்தது. கோடு போட்டு நிறுத்தினேன்.

மறுநாள் துப்புரவு வேலை செய்யும் அக்கா என் மேசைக்கு வந்து, "கண்ணு, சம்பளம் ஏறிடுச்சு, உனக்கு வந்துச்சா?" என்று கேட்டார். வந்துடுச்சு அக்கா என்றேன். "அப்ப கம்பெனி நல்லாத்தான் இருக்கு, சும்மா பயமுறுத்துறாங்க" என்று சொல்லிவிட்டு மேசையைத் துடைத்துவிட்டுப் போனார்.

இரவு ஷிப்ட்

உங்கள் நிலைமை புரிகிறது மேடம், வருத்தமாகவும் இருக்கிறது. ஆனால் வதந்தி கம்பெனியைச் சாய்க்கும் என்பதை நான் ஏற்க மாட்டேன். எங்கள் இடத்தில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கம்பெனி அப்படியும் விழுந்தது. முன்கூட்டியே தெரிந்திருந்தால் பாதிப் பேர் கடன் வாங்காமலாவது இருந்திருப்பார்கள். பிஎஃப் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது குற்றம். அதையாவது சொல்லலாம் அல்லவா?

கணக்குப்பிரிவு

பிஎஃப் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அதற்கு யாரும் வந்து சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. பிஎஃப் பாஸ்புக்கில் மாதா மாதம் வரவு ஏறுகிறதா என்று எல்லாரும் பார்க்கலாம். கம்பெனிக்குள் என்ன நடக்கிறது என்பது பல நேரம் முதலில் தெரிவது அங்கேதான்.

பங்கு இருந்தது

எங்களுடையது ஸ்டார்ட்அப். வீடியோ அழைப்பு, எல்லார் மைக்கும் அணைக்கப்பட்டிருந்தது, நிறுவனர் அழுதார், பேசி முடிப்பதற்குள் லேப்டாப் பூட்டிக்கொண்டது. சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு பங்கு வாங்கிய பலரில் நானும் ஒருத்தி. அது பூஜ்யமானது.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. எங்கள் அணிக்கு ஒரு பையனை நான்தான் நேர்காணல் செய்து எடுத்தேன். நிலையான வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்தவன். அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும். அழைப்பு முடிந்த அரை மணி நேரத்தில் அவனிடமிருந்து என் சொந்த எண்ணுக்குச் செய்தி: "அக்கா, லேப்டாப் எப்ப அனுப்புவாங்க? அட்ரஸ் மாத்தணும்." அவன் எந்தப் பட்டியலிலும் இல்லை. அதனால் அவனுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் கூப்பிட்டுச் சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நீங்க பரவாயில்லையா அக்கா?" என்று கேட்டான்.

பங்கைப் பற்றி ஒன்று மட்டும். 2001 டிசம்பரில் அமெரிக்காவில் என்ரான் என்ற எரிசக்தி நிறுவனம் விழுந்தபோது, ஊழியர்களின் ஓய்வூதியச் சேமிப்பில் பெரும்பகுதி அதே கம்பெனியின் பங்கில் இருந்தது. சம்பளமும் சேமிப்பும் ஒன்றாகப் போயின. வேலை பார்க்கிற இடத்திலேயே சேமிப்பையும் வைக்காதீர்கள் என்று இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன்.

படிவம் டி

என் கதை சின்னது. எங்கள் கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போனது. என்னோடு வேலை பார்த்த மூத்தவர் ஒருவர், பாக்கிக்கான படிவத்தை நிரப்பிக்கொண்டு தேதி முடிந்த பிறகு வந்தார். செய்தித்தாளில் வந்த அறிவிப்பை அவர் பார்க்கவே இல்லை. அங்கே இருந்தவர் வாங்கி, "தாமதம்" என்று எழுதி வேறு தாள்கட்டில் வைத்தார். அந்தத் தாள்கட்டையே இவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதனால் இந்தியாவில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன், நீளமாகத்தான் இருக்கும்.

2016 திவால் சட்டப்படி கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் வழக்கை ஏற்றதும், கம்பெனியின் பொறுப்பை எடுத்துக்கொள்ள இடைக்காலத் தீர்வாளர் ஒருவரை நியமிக்கும். அவர் பொது அறிவிப்பு வெளியிடுவார், பாக்கி கேட்டு மனுக் கொடுக்கக் கடைசித் தேதி அதில் இருக்கும். ஊழியர்களும் தொழிலாளர்களும் கொடுக்க வேண்டியது படிவம் டி. மின்னஞ்சலிலும் அனுப்பலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. நியமன உத்தரவு, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் இணைத்தால் போதும். அலுவலக மெயில் பூட்டப்படுவதற்கு முன்பே உங்கள் சம்பளச் சீட்டுகளைச் சொந்த மெயிலுக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் ரகசியக் கோப்புகளைத் தொடாதீர்கள், உங்கள் தாள்கள் மட்டும்.

கம்பெனியைக் கலைத்து விற்கும் நிலை வந்தால் யாருக்கு முதலில் பணம் என்பதைப் பிரிவு 53 சொல்கிறது. நடவடிக்கைச் செலவு முதலில். அடுத்து, தொழிலாளர்களின் கடைசி 24 மாதப் பாக்கியும், ஈடாக வாங்கிய சொத்தின் மேல் தங்களுக்கிருந்த தனி உரிமையை விட்டுக்கொடுத்த வங்கிகளின் கடனும் சம நிலையில். அதற்கு அடுத்துதான் மற்ற ஊழியர்களின் 12 மாதப் பாக்கி. மேலாளர் பதவியில் இருந்தவர்கள் இந்த மூன்றாவது வரிசையில் நிற்பார்கள், அங்கே பணம் வந்து சேர்வது அரிது. ஆனால் பிஎஃப், ஓய்வூதிய நிதி, கிராஜுவிட்டி நிதி ஆகியவை கலைப்புச் சொத்தில் சேராது என்று பிரிவு 36 தனியாகச் சொல்கிறது. அவற்றைச் சம்பளப் பாக்கியோடு கலக்காமல் தனி வரியாகக் கேளுங்கள்.

காலம் ஆகும். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று பறப்பதை நிறுத்தியது. பிஎஃப், கிராஜுவிட்டி பாக்கியைக் கொடுக்க வேண்டும் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. 2024 நவம்பரில் கம்பெனியையே கலைக்க உத்தரவானது. தீர்வு நடவடிக்கையை முடிக்கச் சட்டத்தில் 330 நாள் என்று எல்லை எழுதியிருக்கிறது, அதை நம்பி வீட்டுச் செலவைத் திட்டமிட வேண்டாம். வருகிற பணத்தைக் கணக்கில் சேர்க்காமல் குடும்பத்தை நடத்துங்கள். கடன் தவணை இருந்தால் தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போய்ப் பேசுங்கள், தவறிய பிறகு போனால் பேச்சே வேறாக இருக்கும். கம்பெனிக் காப்பீடு வேலையோடு போய்விடும் என்பதால் வீட்டில் நோயாளி இருந்தால் முதல் வேலை தனிக் காப்பீடு.

நங்கூரம்

எல்லாரும் கரையில் வேலை பார்ப்பவர்கள் இல்லை, எல்லாருக்கும் இந்தியச் சட்டமும் இல்லை.

2016 ஆகஸ்டு கடைசியில் தென் கொரியாவின் ஹன்ஜின் கப்பல் நிறுவனம் விழுந்தபோது, கட்டணம் கிடைக்காது என்று துறைமுகங்கள் அதன் கப்பல்களை உள்ளே விடவில்லை. ஆட்களோடும் சரக்கோடும் கப்பல்கள் கடலிலேயே நின்றன. எனக்கு நடந்தது வேறு ஒரு சிறிய முதலாளியின் கப்பலில். அவர் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டபடி கிடந்தோம். டீசலை மிச்சம் பிடிக்க ராத்திரியில் ஜெனரேட்டரை அணைப்பார்கள். இருட்டில் மேல்தளத்தில் உட்கார்ந்திருப்போம். மற்ற கப்பல்கள் விளக்கோடு எங்களைத் தாண்டித் துறைமுகத்துக்குள் போகும். வீட்டுக்குப் பேச முறைவைத்துத்தான் தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்றினோம். எங்களில் இளையவன் தன் முறையை எனக்குக் கொடுத்தான், என் மகளுக்குப் பரீட்சை முடிவு வருகிற நாள் என்று. அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

இறங்கிப் போய்விடு என்று ஏஜென்ட் சொன்னார். சம்பளம் வராமல் இறங்க மாட்டோம் என்று நின்றோம். மாலுமியின் சம்பளத்துக்குக் கப்பலே ஈடு, நீதிமன்றம் அதைப் பிடித்து விற்றுக்கூடக் கொடுக்கலாம். 2017 ஜனவரியிலிருந்து, கைவிடப்பட்ட மாலுமிகளுக்கு நான்கு மாதம் வரையிலான சம்பளப் பாக்கிக்கும் ஊர் திரும்பும் செலவுக்கும் கப்பல் முதலாளி காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்று சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் இருக்கிறது. அந்தச் சான்றிதழ் கப்பலில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஏறிய அன்றே அதைப் பாருங்கள், தேதியையும் பாருங்கள்.

மெதுவாக நடந்தவன்

படிவம், பிரிவு எல்லாம் அவசியம்தான் சார். காலையில் எழுந்து அந்த நாளை என்ன செய்வது என்பதை யாரும் எழுதவில்லையே.

நானும் மனைவியும் எங்கோ போய்க்கொண்டிருந்தோம். அவள் கொஞ்ச தூரம் முன்னால் போய், நின்று, திரும்பிப் பார்த்து, "ஏங்க இவ்வளவு மெதுவா வர்றீங்க? உடம்பு சரியில்லையா?" என்றாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. எனக்கு வேகமாகப் போய்ச் சேர வேண்டிய இடம் எதுவும் இல்லை. வேலை போனதும் வராத அழுகை அந்தத் தெருவில் வந்தது.

பின்னாளில் மரியென்தால் பற்றிப் படித்தேன். ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே இருந்த நூல் ஆலை 1930 வாக்கில் மூடியது, ஊரே வேலை இழந்தது. மரி யஹோடா என்ற சமூக உளவியலாளரும் அவருடைய சகாக்களும் அந்த ஊரை ஆராய்ந்தார்கள். ஆண்கள் தெருவில் நடக்கும் வேகத்தைக்கூட அளந்தார்கள். மெதுவாக நடந்தார்கள், நடுவில் நின்று நின்று போனார்கள். பலர் கடிகாரம் இல்லாமலேயே நடமாடினார்கள். நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது. பெண்களின் நடை மட்டும் வேகம் குறையவில்லை, வீட்டு வேலை மூடப்படவில்லையே. என்னை எனக்கே யாரோ விவரித்த மாதிரி இருந்தது. சோம்பேறி ஆகிவிட்டோமோ என்று அதுவரை என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். அன்றோடு அது நின்றது.

பிறகு காலையில் ஒரு வேலை என்று வைத்துக்கொண்டேன். மூடிய கம்பெனியிலிருந்த ஆட்களில் யாராவது ஒருவரைக் கூப்பிட்டுப் பேசுவது. எனக்கு அடுத்த வேலை அப்படிப் பேசிய ஒருவர் மூலம்தான் வந்தது.

இரவு ஷிப்ட்

படிவம் டி சார், ஒரு கேள்வி. எங்கள் கேட்டில் இருந்த பெரியவர் ஏஜென்சி ஆள். அவர் பெயர் கம்பெனி சம்பளப் பட்டியலில் இருக்காது. அவர் எங்கே கேட்பது?

படிவம் டி

அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியது முதலில் ஏஜென்சி. கம்பெனியிடமிருந்து வர வேண்டியதை ஏஜென்சி, சரக்கோ சேவையோ கொடுத்தவர்களுக்கான படிவம் பி-யில் கேட்கும், ஆனால் அது வரவில்லை என்று காவலரின் சம்பளத்தை நிறுத்த முடியாது. ஒப்பந்தக்காரர் கொடுக்காவிட்டால் யாருக்காக வேலை நடந்ததோ அந்த நிர்வாகம் பொறுப்பு என்று சட்டம் இருக்கிறது, அதனால் தொழிலாளர் அலுவலகத்தில் ஏஜென்சி, கம்பெனி இரண்டின் மீதும் மனுக் கொடுக்கலாம். அவர் அங்கே வேலை பார்த்தார் என்பதற்கு உங்கள் எல்லாருடைய சாட்சியும் உதவும். அந்தப் பதிவேட்டில் அவர் கையெழுத்தும் இருக்கும், தேடிப் பாருங்கள்.