காலையில் ஒரு மூடி மருந்து, 11 மணிக்கு ஃபோன்

பள்ளி நர்ஸ், குன்னூர்:
ஒன்றாம் வகுப்புப் பையன், வீட்டில் காலையில் ஒரு மூடி காய்ச்சல் சிரப் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். காலை 8:30-க்கு கேட்டில் நெற்றிக்கு நேரே பிடிக்கும் காய்ச்சல் துப்பாக்கி 97 காட்டியது, உள்ளே விட்டாச்சு. 11:15-க்கு டெஸ்க்கில் தலை சாய்ந்துவிட்டது. அக்குளில் வைத்துப் பார்த்தால் 102.4. ஸ்வெட்டர் கையில் ரோஸ் கலரில் சிரப் துடைத்த கறை, இன்னும் பிசுபிசுப்போடு. அந்தக் கறைதான் கண்ணிலேயே நிற்கிறது.

பாராசிட்டமால் 4 முதல் 6 மணி நேரம்தான் தாங்கும். 7 மணிக்குக் கொடுத்தால் இன்டர்வல் முடிவதற்குள் காய்ச்சல் திரும்பிவிடும். துப்பாக்கியும் ஏமாற்றும். பனியில் நடந்து வந்த பிள்ளைக்கு நெற்றி ஜில்லென்று இருக்கும், அளவு குறைத்துக் காட்டும். உள்ளே உட்காரவைத்து 20 நிமிஷம் கழித்துப் பாருங்கள். மருந்தே கொடுக்காமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லை என்றால்தான் பள்ளிக்கு அனுப்பலாம். ராத்திரி அடித்துவிட்டுக் காலையில் தணிவது காய்ச்சலின் வழக்கம், அது குணமானதற்கு அடையாளம் இல்லை.

மருந்துக்கடை, கோத்தகிரி:
அந்த "ஒரு மூடி"யைப் பற்றி யாருமே கேட்கவில்லையே? ஒரு பாட்டி இரண்டு பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்றில் 5 மில்லிக்கு 125 மி.கி., இன்னொன்றில் 250. பேரன் இருவருக்கும் ஒரே மூடி அளவு! கிலோவுக்கு 15 மி.கி. என்று கணக்கு. 20 கிலோ பிள்ளைக்கு 300 மி.கி., அதாவது 250 பாட்டிலில் 6 மில்லி, 125 பாட்டிலில் 12 மில்லி. ஒரு நாளைக்கு 4 தடவைக்கு மேல் வேண்டாம். கைக்குழந்தை டிராப்ஸ் 1 மில்லியிலேயே 100 மி.கி. இருக்கும், அதை மூடியில் ஊற்றினால் விபரீதம். சில சளி சிரப்பிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், லேபிளைப் படிக்காமல் கொடுத்தால் டோஸ் இரட்டிப்பாகும். குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின் இரண்டும் சேர்ந்த சளி மருந்து 4 வயதுக்குக் கீழே கூடாது என்று 2023-லேயே உத்தரவு வந்துவிட்டது. நீலகிரித் தைலம் நம்ம ஊர்ச் சரக்கு என்பதற்காக வாயில் விடாதீர்கள், மூக்கிலும் தடவாதீர்கள். சின்னப் பிள்ளைக்கு ஒரு டீஸ்பூன் உள்ளே போனாலே வலிப்பு வரலாம்.

ஸ்கூல் வேன், கூடலூர்:
நீங்க சொல்றபடி பார்த்தா ஜூன் தொடங்கி ஆகஸ்ட் முடிய மழையில மூக்கு ஒழுகாத புள்ளை ஏது, ஒன்னும் வேன்ல ஏறாது. எஸ்டேட் லயன் வீட்டுல அம்மா இலை பறிக்கப் போகலைன்னா அன்னைக்குக் கூலி போச்சு.

பள்ளி நர்ஸ், குன்னூர்:
மூக்கு ஒழுகினால் வீட்டில் வையுங்கள் என்று நான் எங்கே சொன்னேன்? சளி பச்சையாக இருந்தாலும், காய்ச்சல் இல்லாமல் சாப்பிட்டு விளையாடினால் தாராளமாக அனுப்பலாம். தலைப் பேனுக்கும் லீவு தேவையில்லை. அனுப்பக் கூடாதது எது என்றால், மூச்சு வாங்கும் பிள்ளை. சட்டையைத் தூக்கிப் பாருங்கள், ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால் ஸ்கூலும் இல்லை வீடும் இல்லை, நேரே ஆஸ்பத்திரி.

ஸ்கூல் வேன், கூடலூர்:
வாந்திக்கு என்ன சொல்றீங்க? கல்லட்டி ரோட்டுல 36 கொண்டை ஊசி. ஒரு பொண்ணு தினமும் கவரைக் கையில பிடிச்சுக்கிட்டே வரும்.

பள்ளி நர்ஸ், குன்னூர்:
இறங்கி பத்து நிமிஷத்தில் டிபன் பாக்ஸைத் திறந்தால் அது வளைவு வாந்தி. முன் சீட், ஜன்னல், வயிறு நிறையப் பால் வேண்டாம், அவ்வளவுதான். வேன் வருவதற்கு முன்பே வீட்டில் எடுத்தால், இல்லை வயிற்றுப்போக்கும் சேர்ந்தால், கடைசியாக வாந்தியோ பேதியோ ஆனதிலிருந்து 24 மணி நேரம் வீட்டில்தான். ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். டம்ளருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினால் உப்பு ஏறிவிடும்.

அப்புறம் சின்னம்மை. "தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சு" என்று அனுப்புகிறார்கள். தண்ணீர் கணக்கில்லை. கொப்புளம் அத்தனையும் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்க வேண்டும், பெரும்பாலும் 5 முதல் 7 நாள். பொன்னுக்கு வீங்கிக்கு வீக்கம் தொடங்கியதிலிருந்து 5 நாள்.

டீச்சர், ஊட்டி:
எல்லாரும் வீட்டில் வைக்கச் சொல்கிறீர்கள். வீட்டில் வைக்கவே கூடாத ஒன்று இருக்கிறது.

ஜனவரி. மூன்று நாளாக ஒரு சிறுமிக்குக் காலையில் தலைவலி, வாந்தி, காய்ச்சல் இல்லை. 10 மணிக்கெல்லாம் தெளிந்துவிடுவாள். கணக்குப் பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறாள் என்று வகுப்பில் பேச்சு. நாலாவது படிக்கும் தம்பிக்கும் அதேதான் என்று தெரிந்தபோதுதான் உறைத்தது. ராத்திரி அறைக்குள் கரி அடுப்பு, ஜன்னல் இடுக்கில் துணி அடைப்பு.

அந்த அடுப்பிலிருந்து வரும் விஷ வாயு கார்பன் மோனாக்சைடு, அதற்கு வாசனை கிடையாது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் 98 காட்டும், நம்பாதீர்கள். வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்டவருக்குத் தலைவலி, வெளியே வந்தால் தேவலை என்றால் லீவு போட்டுப் படுக்கவைக்காதீர்கள். எல்லாரையும் வெளியே கூட்டிவந்து ஆக்சிஜன் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். புகை அடங்கித் தணலானதும் உள்ளே கொண்டுவரலாம் என்று அந்த வீட்டில் நினைத்திருக்கிறார்கள். புகையில்லாத அந்தச் சிவந்த தணலிலிருந்துதான் அந்த வாயு வருகிறது.