புதுப்பிப்பு: அம்மாவோடு ஹேவ்லாக், படகுப் பயணம்

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து வயதான அம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குப் படகில் போவது சரிப்படுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம். தாராளமாகப் போகலாம்.

காட்பாடியில் ரயிலேறி சென்னை, அங்கிருந்து விமானத்தில் போர்ட் பிளேர். இப்போது அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம். அங்கிருந்து ஹேவ்லாக்குக்குத் தனியார் படகில் ஒன்றரை மணி நேரம்தான், ஆனால் பெரும்பாலும் மூடிய ஏசி அறை. அரசுப் படகில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆகும். மூடிய அறையில் அம்மாவுக்கு வயிற்றைப் பிரட்டும் என்பதால் அரசுப் படகையே எடுத்தோம். மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டே வரலாம். வறண்ட பாலாற்றைப் பார்த்தே பழகிய அம்மா, வழி முழுக்க அந்த நீலத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எனக்கு அதுவே போதும்.

ஆதார் அட்டை கையிலேயே இருக்கட்டும், படகுத்துறையில் கேட்பார்கள்.

தீவுக்குள் ராதாநகர் கடற்கரை படகுத்துறையிலிருந்து சுமார் 12 கி.மீ., ஆட்டோ கிடைக்கும். எலிஃபண்ட் பீச்சுக்குச் சாலை கிடையாது. படகு, இல்லாவிட்டால் காட்டு வழியே நடை. வயதானவர்களுக்குப் படகுதான் நல்லது.

அப்புறம், ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளே போர்ட் பிளேர் வந்துவிடுங்கள். கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள்.