ஆழமான பனிக்கு ஏணிச் செயினே போதுமாம்!

திருகாணி: பனியில் வழுக்காமலிருக்க டயரில் மாட்டும் செயின்களைப் பற்றிப் பக்கத்து இழையில் பழையடயர் போகிற போக்கில் எழுதியது இது: "டயமண்ட் செயின் எல்லாம் காசு பிடுங்கும் வேலை. ஆழமான பனிக்கு ஏணிச் செயினே போதும்." இதை நம்பி யாராவது மலைச்சரிவில் இறங்கினால் யார் பொறுப்பு? டயமண்ட் என்பது டயர்மேல் குறுக்கும் மறுக்குமாக வலைபோல் பின்னியது. ஏணியில் டயருக்குக் குறுக்கே படிகள் மாதிரிதான் செயின்கள்; ஒரு குறுக்குச் செயினுக்கும் அடுத்ததற்கும் நடுவே வெறும் ரப்பர்தான். அந்த இடம் தரையில் படும்போது பக்கவாட்டில் பிடிமானம் ஏது?

பழையடயர்: என் பேரில் இழை திறந்ததற்கு நன்றி. பேச்சு ஆழமான பனியைப் பற்றி. குறுக்குச் செயின் துடுப்பு மாதிரி பனியை வாரித் தள்ளும், வண்டி நகரும். ஒரு குறுக்கு அறுந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். டயமண்டில் அது அவ்வளவு சுலபமா?

திருகாணி: துடுப்பு நேராகத்தான் தள்ளும். நான் கேட்டது பக்கவாட்டு.

பழையடயர்: பெரும்பாலான செயின்களுக்கு மணிக்கு 50 கிலோமீட்டர்தான் வரம்பு. ஆழத்தில் அதில் பாதிகூட வராது. உருட்டிக்கொண்டு போகிற வண்டிக்கு என்ன பக்கவாட்டு?

கேள்விக்குறி: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னுடையது ஃப்ரண்ட் வீல் டிரைவ். ஒரு ஜோடிதான் வாங்க முடியும். எதில் மாட்டுவது?

நாலுசக்கரம்: இழுக்கிற சக்கரத்தில், அதாவது முன்னால். ஆனால் முன்னால் மட்டும் மாட்டி இறக்கத்தில் பிரேக் அடித்தால் பின்பக்கம் சுற்றிக்கொண்டு வரும். முடிந்தால் நான்கிலும் போடுங்கள். மேனுவலையும் பாருங்கள். டயருக்கும் சஸ்பென்ஷனுக்கும் நடுவே இடம் குறைவு என்றால் தடித்த செயின் உரசும், செயினுக்குப் பதில் ஒல்லியான கம்பிவடம், அதாவது கேபிள்தான் வழி.

பழையடயர்: கேபிளா! ஆழமான பனிக்கு! போன குளிர்காலத்தில் டயர் காற்றை இறக்கிவிட்டுச் செயின் மாட்டச் சொன்ன மகானும் நீங்கள்தானே?

நாலுசக்கரம்: நான் சொல்லவில்லை ஐயா, "இறக்கலாமா" என்று கேட்டேன். கேட்டதற்கும் சொன்னதற்கும் வித்தியாசம் தெரியாதவரிடம் என்ன பேச? அது கிடக்கட்டும், ஆழம் ஆழம் என்கிறீர்களே, எவ்வளவு? பனி வண்டியின் அடிப்பக்கத்தைத் தொட்டுவிட்டால் வண்டி அதன்மேல் உட்கார்ந்துவிடும். அப்புறம் எந்தச் செயினும் உதவாது.

திருகாணி: ஆழம் எவ்வளவோ இருக்கட்டும். பக்கவாட்டுக்குப் பதில் வரவில்லை.

பழையடயர்: வரும், பொறுங்கள். கண்ணிகளில் வி வடிவத் துண்டு பற்றவைத்த ஏணிச் செயின் என்று ஒன்று இருக்கிறது, பார்த்ததுண்டா? பனிக்கட்டியையே கடிக்கும். பனி அள்ளும் லாரிகளில் ஏணி மாட்டியிருப்பதைப் பார்த்ததுண்டா? அந்த ஓட்டுநர்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிந்துவிட்டது? இன்னொன்று. எந்தச் செயினாக இருந்தாலும் கொஞ்ச தூரம் ஓட்டியதும் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். பாதிப்பேர் இறுக்குவதில்லை, தளர்ந்த செயின் சக்கர வளைவில் அடித்துத் தகடு கிழிந்த பிறகு செயின் வடிவத்தைத் திட்டுவார்கள். நீங்கள் அந்தக் கட்சியோ என்று எனக்குச் சந்தேகம்.

திருகாணி: நான் இறுக்குகிறேனா இல்லையா என்பது உங்கள் கவலை இல்லை. லாரியின் எடை வேறு, காரின் எடை வேறு. காட்டில் மரம் இழுக்கும் இயந்திரங்களைப் பாருங்கள், பலவற்றில் குறுக்கும் மறுக்குமாகப் பின்னிய செயின்தான். ஏன்? பக்கவாட்டு! ஏணி ஒரே இடத்தில் சுழன்றால் தனக்குத்தானே குழி வேறு பறித்துக்கொள்ளும்.

பழையடயர்: சுழலவிடுவது ஓட்டுகிறவர் கால். செயினைக் குறை சொல்லாதீர்கள் தம்பி.

திருகாணி: தம்பியா? என் வயது தெரியுமா உங்களுக்கு?

நாலுசக்கரம்: காற்று விஷயத்தில் நான் அப்படிச் சொன்ன பதிவை எடுத்துக் காட்டுங்கள், இல்லையென்றால் வார்த்தையைத் திரும்பப் பெறுங்கள்.

கேள்விக்குறி: சரி, முன்னால் மாட்டுகிறேன். ஏணியா, டயமண்டா?

பழையடயர்: ஏணி. இத்தனை பதிவாக வேறென்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன்? படித்துவிட்டுக் கேளுங்கள்.