புதுப் பதிப்பு இரட்டை 18650 டார்ச்: கைக்கு வந்ததும் எதைச் சோதிக்கணும், எது கெடும்

கடலோர வெளிச்சம்:

இரண்டு 18650 செல் (18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம் உள்ள, மறுபடி சார்ஜ் ஏற்றும் லித்தியம் பேட்டரி) பக்கத்தில் பக்கமாக உட்காரும் தடித்த டார்ச்கள் பலவற்றுக்கும் இப்போது புதுப் பதிப்பு வந்திருக்கிறது. உடம்பிலேயே யூஎஸ்பி-சி, சீரான வெளிச்சம் தரும் டிரைவர் (விளக்குக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று), வெப்பத்துக்கேற்பக் குறையும் அமைப்பு. சிங்கப்பூரில் ஜெட்டியில் இரவுத் தூண்டில் போடுகிறவர்கள், அலை வற்றும் நேரத்தில் சாங்கி, பாசிர் ரிஸ் பக்கம் கடலோரம் நடக்கிறவர்கள் பலரும் இதற்கு மாறுகிறார்கள். பயன்படுத்திப் பார்த்தவர்கள் எண்ணோடு எழுதுங்கள். "சூப்பர் பிரைட்" என்று எழுதினால் வாங்கப் போகிறவருக்குப் பயனில்லை.

பெட்டியில் அச்சடித்த எண்களிலிருந்தே தொடங்குகிறேன். லூமன் (மொத்த வெளிச்சம்) எண் பெரும்பாலும் முதல் சில நிமிடங்களுக்குத்தான். டார்ச்களுக்கான எஃப்எல்-1 தரக்குறிப்பின்படி அளந்திருந்தால், லைட் போட்டு 30 வினாடியிலிருந்து 2 நிமிடத்துக்குள் எடுத்த அளவு அது. எத்தனை மணி நேரம் எரியும் என்ற எண் வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையான நேரம். 4000 லூமனில் அத்தனை நேரமும் எரியும் என்று அர்த்தமில்லை. தூரம் என்று போட்டிருப்பது 0.25 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு) மட்டும் விழும் இடம், முழுநிலா வெளிச்சம் மாதிரி. அந்தத் தூரத்தில் ஆள் தெரியாது. 400 மீட்டர் என்றால் 400-ஐ 400-ஆல் பெருக்கி நான்கால் வகுங்கள்: 40,000 கேண்டெலா, அதாவது ஒளிக்கற்றையின் வலு. அதே லைட் 100 மீட்டரில் 4 லக்ஸ் தரும். பெட்டியில் உள்ள தூரத்தில் பாதியைக் கணக்கில் வைத்து வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

இரண்டு 3000 எம்ஏஎச் செல்லில் மொத்தம் 21.6 வாட்-அவர்தான் இருக்கிறது. 1000 லூமனுக்கு ஏறக்குறைய 10 வாட் போகும், அப்படியானால் இரண்டு மணி நேரம். இதைவிட மிக அதிகம் என்று சொல்கிற விளம்பரம் பெரும்பாலும், வெளிச்சத்தை ஓசைப்படாமல் குறைத்துக்கொண்டே போகிற டிரைவரைத்தான் விற்கிறது.

மில்லியோம்:

அண்ணன் டார்ச்சைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் செல்லைப் பற்றிச் சொல்கிறேன். இரட்டை செல் கருவியில் கெடுவது உடம்பில்லை, ஜோடிதான். எத்தனை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும் என்ற விளம்பரத்தைவிட, உள்ளே போடும் இரண்டு செல்லும் ஒரே வயது, ஒரே மாடல், ஒரே அளவு சார்ஜ் என்பது முக்கியம்.

புதுசாக ஒரே மாடலில் இரண்டு வாங்குங்கள். உறையில் சின்ன எழுத்தில் ஒன்றுக்கு 'அ1', இன்னொன்றுக்கு 'அ2' என்று எழுதுங்கள். அன்றிலிருந்து இரண்டும் சேர்ந்தே சார்ஜ் ஆகணும், சேர்ந்தே தீரணும். ஒன்று கெட்டால் இரண்டையும் மாற்றணும். நல்லதாக இருக்கிறதே என்று மிஞ்சிய ஒன்றை ஒற்றை செல் டார்ச்சில் போடலாம். புதிய செல்லோடு ஜோடி சேர்க்கக் கூடாது.

போடும் முன் மல்டிமீட்டரில் இரண்டையும் பாருங்கள். வித்தியாசம் 0.02 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.05-ஐத் தாண்டினால் போடாதீர்கள், தனி சார்ஜரில் இரண்டையும் 4.20 வரை ஏற்றிச் சமமாக்கிவிட்டுப் போடுங்கள்.

எந்த செல் என்று கேட்பவர்களுக்கு: 4000 லூமன் டார்ச் உச்சத்தில் ஏறக்குறைய 40 வாட் கேட்கும். டிரைவர் 90 சதவீதத் திறன் என்று வைத்தால் செல்களிலிருந்து 44.4 வாட். செல் 3.0 வோல்ட்டுக்கு இறங்கிய நேரத்தில் ஒவ்வொன்றிலிருந்தும் 7.4 ஆம்ப் போகும். அதனால் 5 ஆம்ப் பக்கம் நிற்கிற பழைய மடிக்கணினி செல்கள் சரிப்படாது. சாம்சங் 30க்யூ 3000 எம்ஏஎச், 15 ஆம்ப். எல்ஜி எச்ஜி2 3000 எம்ஏஎச், 20 ஆம்ப். மோலிசெல் பி28ஏ 2800 எம்ஏஎச், 35 ஆம்ப். சாம்சங் 35ஈ 3500 எம்ஏஎச், 8 ஆம்ப். அதாவது நீண்ட நேரம் நடுத்தர வெளிச்சத்தில் வைப்பவருக்கு 35ஈ, உச்சத்தை அடிக்கடி அழுத்துபவருக்கு 30க்யூ. பி28ஏ இந்த வேலைக்குத் தேவைக்கு மேல், ஆனாலும் வெப்பத்தில் நிதானமாக இருக்கும்.

உறையில் 9900 எம்ஏஎச் என்று அச்சடித்த செல்லைத் தொடவே வேண்டாம். இந்த அளவு உருளைக்குள் அவ்வளவு அடங்காது. சமையலறைத் தராசில் வையுங்கள். நல்ல 18650 செல் 45-இலிருந்து 49 கிராம் வரை இருக்கும். முப்பது சொச்சம் காட்டினால் உள்ளே பாதி காலி.

புங்கோல் தம்பி:

அண்ணே, செல் தொடராக (ஒன்றன்பின் ஒன்றாக, வோல்ட் கூடும்படி) இருந்தால்தான் ஆபத்து, இணையாக (கூட்டலோடு கூட்டல் சேரும்படி) இருந்தால் இரண்டு வேறு செல் போடலாம் என்று ஒரு கடையில் சொன்னார்கள். சரியா? என்னிடம் இருப்பது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மில்லியோம்:

தவறு, தம்பி. இரண்டிலும் ஆபத்து இருக்கிறது, வகைதான் வேறு.

இணைப்பு இணையாக இருந்தால், செல்லைப் போடுகிற அந்த நொடியிலேயே பிரச்சினை. ஒன்று 4.2, இன்னொன்று 3.6 என்று வை. வித்தியாசம் 0.6 வோல்ட். இரண்டு செல்லின் உள்தடை, ஸ்பிரிங் எல்லாம் சேர்த்து 0.1 ஓம் என்றால் 6 ஆம்ப் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பாயும். 30க்யூவுக்கு வழக்கமான சார்ஜ் 1.5 ஆம்ப், வேகமான சார்ஜே 4 ஆம்ப்தான். டார்ச் அணைந்திருந்தாலும் இது நடக்கும்.

தொடராக இருந்தால் போடும்போது ஒன்றும் தெரியாது. தீரும்போதுதான் தெரியும். இரண்டிலும் ஒரே மின்னோட்டம் போவதால் பலவீனமானது முதலில் காலியாகும். டிரைவர் மொத்த வோல்ட்டைத்தான் பார்க்கிறது: 6.0 இருந்தால் அது திருப்தி. ஆனால் அந்த 6.0 என்பது 3.5-உம் 2.5-உமாக இருக்கலாம். இன்னும் போனால் பலவீனமானது சுழியத்துக்குக் கீழே, தலைகீழாகப் போகும். 2.5-க்கு வெகு கீழே இறங்கி நீண்ட நேரம் கிடந்த செல்லுக்குள் செம்பு கரைந்து, அடுத்த சார்ஜில் உள்ளேயே ஷார்ட் ஆகும் வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்ட செல்லை "மெதுவாக ஏற்றிப் பார்க்கலாம்" என்று முயலாதே.

கண்டுபிடிக்க: செல் போடும் இடத்தில் கூட்டல் குறி இரண்டும் ஒரே பக்கம் பார்த்தால் பெரும்பாலும் இணை, ஒன்று மேலே ஒன்று கீழே என்றால் பெரும்பாலும் தொடர். தனியாகக் கழற்றும் செல் கூடு இருந்தால் இரு முனையிலும் மல்டிமீட்டர் வை. முழு சார்ஜில் 8.4 காட்டினால் தொடர், 4.2 காட்டினால் இணை. ஒரே ஒரு செல் போட்டும் எரிந்தால் அது இணை.

சேற்றுக்கால்:

அலை வற்றிய நேரத்தில் கடலோரம் நடப்பவர்களுக்காக எழுதுகிறேன். அங்கே டார்ச்சைக் கெடுப்பது தண்ணீரைவிட உப்பு.

ஐபிஎக்ஸ்8, ஐபி68 என்ற நீர்புகாக் குறிகள் எல்லாம் நன்னீரில், புது ரப்பரோடு எடுத்த சோதனை. கடற்கரையிலிருந்து வந்ததும் மூடி இறுக்கமாக இருக்கும்போதே குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். யூஎஸ்பி-சி துளையின் ரப்பர் மூடியைக் கழுவும் முன் திறக்க வேண்டாம். துடைத்து நன்றாகக் காயவிட்டு, மறுநாள் திறந்து பாருங்கள். துளைக்குள் வெள்ளையாகவோ பச்சையாகவோ தூள் தெரிந்தால் அதில் சார்ஜ் ஏற்றாதீர்கள். ஈரத்தோடு 5 வோல்ட் கொடுத்தால் முள்முனைகள் அரித்துப் போகும். இந்தக் காரணத்துக்காகவே உடம்பில் சார்ஜ் வசதி இருந்தாலும் கடலுக்குப் போகிறவர்கள் தனி சார்ஜரில் ஏற்றுவது மேல்.

மூடியில் நீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைத் துடைத்து, சிலிக்கோன் கிரீஸ் மெல்லிசாக, ரப்பர் மினுங்கும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். கறுப்பு நைட்ரைல் ரப்பருக்கு அது பொருந்தும். ரிங்கே சிலிக்கோன் என்றால் சிலிக்கோன் கிரீஸ் அதை ஊதவைக்கும். மணல் ஒரு துகள் மாட்டினாலும் நீர் அந்த வழியாக வரும், ஆகவே கடற்கரையில் நின்று செல் மாற்றாதீர்கள். வீட்டிலேயே ஏற்றிக்கொண்டு போங்கள்.

கண்ணாடி உட்பக்கம் பனிப்பது பற்றிப் பலரும் கேட்கிறார்கள். நம் ஊர் இரவுக் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் இருப்பது சாதாரணம். வெளியே நின்று மூடியைத் திறந்து மூடினால் அந்த ஈரக் காற்றை உள்ளே அடைத்துவிடுகிறீர்கள், பிறகு குளிரூட்டிய அறைக்கோ காருக்கோ வந்ததும் அது கண்ணாடியில் படியும். ஏர்கான் அறையில் மூடியைக் கொஞ்ச நேரம் திறந்துவைத்துவிட்டு அங்கேயே மூடுங்கள். வெளிப்பக்கம் பனித்தால் கவலையில்லை, துடைத்தால் போகும். உட்பக்கம் மறுபடி மறுபடி பனித்தால் கண்ணாடியைப் பிடிக்கும் முன்வளைய ரப்பர் போய்விட்டது.

இன்னொன்று. ஓரக் கடலில் 200 முதல் 400 லூமன் போதும். அதற்கு மேல் போனால் ஈர மணலில் பட்டுக் கண்ணைத்தான் கூசவைக்கும். 6500 கெல்வின் நீல வெளிச்சத்தைவிட 4000 கெல்வின் பக்கம் இருக்கும் மஞ்சள் சாய்ந்த வெளிச்சம் நீருக்குள் தெளிவாகக் காட்டும். உயிர்களின் கண்ணில் நேராக அடிக்க வேண்டாம், அவை குருடாகித் திகைத்து நின்றுவிடுகின்றன. இயற்கை வனப்பகுதிகள் மாலை 7 முதல் காலை 7 வரை மூடியிருக்கும் என்பதையும் புது டார்ச்சோடு கிளம்புகிறவர்கள் மறக்க வேண்டாம்.

பட்டறை அக்கா:

புதுப் பதிப்பு யூஎஸ்பி-சி பற்றி. இருமுனையும் 'சி' உள்ள கேபிள் போட்டால் சார்ஜ் ஏறவில்லை, பழைய தட்டையான 'ஏ' முனைக் கேபிளில் ஏறுகிறது என்றால் டார்ச் செத்துப்போகவில்லை. துளைக்குப் பின்னால் இருக்க வேண்டிய 5.1 கிலோ-ஓம் தடை இரண்டையும் தயாரிப்பாளர் போடாமல் மிச்சம்பிடித்திருக்கிறார். அந்தத் தடையைப் பார்க்காமல் புது வகை சார்ஜர் மின்சாரமே விடாது. 'ஏ' முதல் 'சி' கேபிள் ஒன்றை டார்ச் பையிலேயே வையுங்கள். சுவரில் மாட்டும் அடாப்டரில் சிங்கப்பூரின் பாதுகாப்புக் குறி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாததை விலை குறைவு என்று எடுக்க வேண்டாம். தூங்கும்போதும் வெளியே போகும்போதும் சார்ஜில் விடாதீர்கள். வாசலுக்குப் பக்கத்தில் வைத்து ஏற்றவே வேண்டாம், அடுக்குமாடி வீட்டில் வெளியேற வேறு வழி இல்லை.

உடம்பில் ஏற்றுகிற தொடர் வகையில் ஒரு சோதனை அவசியம். முழுதாக ஏறியதாகப் பச்சை காட்டியதும் செல் இரண்டையும் எடுத்துத் தனித்தனியாக அளந்து பாருங்கள். 4.18, 4.19 என்று வந்தால் சமப்படுத்தும் சுற்று வேலை செய்கிறது. 4.25-உம் 4.10-உமாக வந்தால் உடம்பில் ஏற்றுவதை அன்றோடு நிறுத்துங்கள். வாங்கிய வாரத்திலேயே இதைச் செய்தால் மாற்றிக் கேட்க முடியும்.

வெளிச்சம் துடித்தால் உடனே டிரைவரைப் பழிக்காதீர்கள். முதலில் வால்மூடி மரை. கறுத்த கிரீஸைத் துணியால் எடுத்து, பூச்சில்லாத உலோக விளிம்பை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடையுங்கள். அடுத்து, ஸ்விட்சைப் பிடித்திருக்கும் உள்வளையம் தளர்ந்திருக்கும், இடுக்கி முனையால் திருகலாம். மூன்றாவது செல்லின் நீளம். பாதுகாப்புச் சுற்று இல்லாத தட்டைத்தலை செல் 65 மில்லிமீட்டர், சுற்றும் பொத்தானும் உள்ளது 68 முதல் 70 வரை போகும். குட்டையானது தொடாமல் துடிக்கும், நீளமானதை அழுத்தி மூடினால் செல்லின் தலை நசுங்கும். கூட்டல் பக்கம் பிளாஸ்டிக் வளையம் எழும்பி இருந்தால் அது தலைகீழாகப் போடுவதைத் தடுக்க வைத்தது, அதில் பொத்தான் தலை செல்தான் தொடும்.

உறையில் சின்னக் கிழிசல் இருந்தாலும் அந்த செல்லைப் போடாதீர்கள். 18650-இன் உடம்பு முழுக்க மைனஸ், மேலே கூட்டல் முனையைச் சுற்றி ஒரு காகித வளையம்தான் இரண்டையும் பிரிக்கிறது. கிழிந்த இடம் அலுமினியக் குழாயைத் தொட்டால் ஷார்ட் ஆகலாம். புது பிவிசி உறை விலை மலிவு. வளையத்தை வைத்து, உறையை மாட்டி, ஹேர் டிரையரின் சூட்டில் சுருக்கலாம்.

கடலோர வெளிச்சம்:

வெப்பம் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் சேர்க்கிறேன். காற்றில்லாத இரவில் உச்சத்தை அழுத்தினால் இரண்டு மூன்று நிமிடத்தில் வெளிச்சம் இறங்கும். உடம்பு 50 டிகிரி பக்கம் வந்ததும் டிரைவர் குறைக்கிறது, அது கோளாறில்லை. குளிர்நாட்டு விமர்சனங்களில் இறங்க எடுக்கும் நேரம் இங்கே கிடைக்காது. இறங்கவே இல்லை, கையில் பிடிக்க முடியாமல் சுடுகிறது என்றால்தான் கோளாறு. அப்போது அணைத்து, செல்லை வெளியே எடுங்கள்.

பையில் போடும் முன் வால்மூடியைக் கால் சுற்று தளர்த்துங்கள். தானாக எரிந்து பையைப் பொசுக்கும் ஆபத்து போகும். எலக்ட்ரானிக் ஸ்விட்ச் சும்மா இருக்கும்போது இழுக்கும் மின்சாரமும் நிற்கும். 50 மைக்ரோஆம்ப் என்றால் ஆண்டுக்கு 438 எம்ஏஎச். மாதக்கணக்கில் வைப்பதாக இருந்தால் 3.7 வோல்ட் பக்கம் இறக்கி, செல்லை வெளியே எடுத்து பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள்.

புங்கோல் தம்பி:

நன்றி அண்ணே, அக்கா. நண்பர் ஒருவர் பழைய இரட்டை செல் வேப் மோட் (மின்சிகரெட் கருவி) ஒன்றில் இருந்த 18650 தருகிறேன் என்கிறார். போடலாமா?

மில்லியோம்:

வேண்டாம் தம்பி. அந்தக் கருவியை வைத்திருப்பதே இங்கே 2018 பிப்ரவரி 1 முதல் குற்றம். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், அதில் இருந்த செல் எத்தனை முறை உச்ச மின்னோட்டத்தில் கசக்கப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சந்தையில் வேறு நிறுவன செல்லை வாங்கித் தன் உறை போட்டு ஆம்ப் எண்ணை ஏற்றி எழுதுவதும் நடக்கிறது. உள்தடை காட்டும் சார்ஜரில் புது செல் சாதாரணமாக 20 முதல் 40 மில்லியோம் காட்டும். ஒரே சார்ஜரில், ஒரே துளையில் புதுசாக இருந்தபோது காட்டியதைப் போல இரு மடங்கு வந்தால் ஜோடியை ஓய்வுக்கு அனுப்பு. இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, பேட்டரி ஏற்கும் மின்கழிவுத் தொட்டியில் போடு. நசுங்கியது, கசிவது மட்டும் தொட்டிக்குள் போகக் கூடாது. வீட்டுக் குப்பையிலும் போடாதே, குப்பை லாரி அழுத்தும்போது தீப்பிடிக்கும்.

ஜொகூர் தாண்டி விமானத்தில் எங்காவது மீன்பிடிக்கப் போவதாக இருந்தால் உதிரி செல் கைப்பையில்தான், ஒவ்வொன்றும் தனி உறையில். 3000 எம்ஏஎச் செல் 10.8 வாட்-அவர், 100 வாட்-அவர் வரம்புக்கு வெகு கீழே. டார்ச் பெரிய பெட்டிக்குள் போவதானால் செல் இரண்டையும் கழற்றிவிடு.