'கேன்சல்' கேட்டகரியில் ஏஜென்ட் பேச்சே ஹிட் ஆகிறது, நிஜமான கால்கள் தப்புகின்றன: எங்கே சரிசெய்வது?

கேள்வி

ஸ்பீச் அனலிட்டிக்ஸில் (கால் சென்டர் பேச்சை எழுத்தாக்கித் தேடும் மென்பொருள்), சேவையை நிறுத்தச் சொல்லும் வாடிக்கையாளர்களைப் பிடிக்க ஒரு கேட்டகரி (குறிப்பிட்ட சொற்கள் வரும் கால்களைப் பிரிக்கும் தேடல் விதி) போட்டிருக்கிறேன். சொற்கள் 'கேன்சல்', 'வேண்டாம்' இரண்டுதான். கான்ஃபிடன்ஸ் த்ரெஷோல்ட் (சொல்லைச் சரியாகக் கேட்டதாக எஞ்சின் தரும் மதிப்பெண்ணின் கீழ் வரம்பு) 40. வரும் ஹிட்டில் பெரும்பகுதி "எப்போ வேணும்னாலும் கேன்சல் பண்ணிக்கலாம்" என்ற ஏஜென்ட் ஸ்கிரிப்ட் வரி. 'வாடிக்கையாளர் மட்டும்' என்று தேர்ந்தெடுத்தும் குறையவில்லை. 70க்கு ஏற்றினால் நிஜமான கால்களும் போய்விடுகின்றன. எஞ்சின் பேச்சைச் சொற்களாக எழுதித் தேடும் டிரான்ஸ்கிரிப்ட் வகை, ஒலிகளை வைத்துத் தேடும் ஃபோனெடிக் அல்ல.

பதில் 1

த்ரெஷோல்டை இப்போதைக்குத் தொடாதீர்கள். வாடிக்கையாளர் பக்கத்தில் ஏஜென்ட் குரல் வருகிறதென்றால் முதல் சந்தேகம் ஆடியோ மேல்தான். ஒரு கால் ரெக்கார்டிங்கை இறக்கி ஆடாசிட்டியில் (ஒலித் திருத்தும் மென்பொருள்) திறந்து பாருங்கள். இரண்டு அலைவடிவம் தெரிவதால் மட்டும் அது ஸ்டீரியோ ஆகிவிடாது. டிராக்கை இரண்டு மோனோவாகப் பிரித்து, ஒன்றை மட்டும் இன்வெர்ட் செய்து, இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். சத்தமே வராவிட்டால் இரண்டு சேனலிலும் இருப்பது ஒரே ஒலி.

சத்தம் வந்தால், சேனல் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். இன்பவுண்டில் (உள்வரும் கால்) சரியாக இருந்து அவுட்பவுண்டிலோ (வெளிச்செல்லும் கால்) டிரான்ஸ்ஃபரிலோ மட்டும் தலைகீழாவது அடிக்கடி நடக்கிற கூத்து.

கேட்டவர்

இன்வெர்ட் செய்தால் நிசப்தம். ரெக்கார்டர் மோனோவில் பதிந்து, எக்ஸ்போர்ட்டில் அதையே இரண்டு சேனலாக நகலெடுக்கிறது. கோடெக் (ஒலியைச் சுருக்கும் முறை) ஜி.729.

பதில் 1

அப்படியானால் உங்கள் 'வாடிக்கையாளர் மட்டும்' ஃபில்டருக்கு அர்த்தமே இல்லை. ரெக்கார்டர் சிப்ரெக் (காலின் ஒலியை ரெக்கார்டருக்கு அனுப்பும் நெறிமுறை) வழியாக எடுக்கிறதென்றால் இரு முனையின் ஒலியும் பெரும்பாலும் தனித்தனி ஸ்ட்ரீமாக வரும். அப்படி வந்தால், சேமிக்கும்போது கலக்கும் அமைப்பை நிறுத்தினால் போதும். கூடவே கோடெக்கை ஜி.711 ஆக்குங்கள். அது நொடிக்கு 64 கிலோபிட், ஜி.729 வெறும் 8. சுருக்கியதில் மெய்யெழுத்துகள் மழுங்கும், டிரான்ஸ்கிரிப்ட் அங்கேயே பிழையாகும். பதிந்த பிறகு எம்பி3 ஆக மறுபடி சுருக்குவதும் வேண்டாம். 8 கிலோஹெர்ட்ஸ் ஒலியை 16க்கு ஏற்றுவதால் தரம் ஒன்றும் கூடிவிடாது. தொலைபேசி ஒலிக்கான மாடலைத் தேர்ந்தெடுங்கள்.

பதில் 2

ஆடியோ சரியானாலும் இந்த இரண்டு சொற்கள் போதாது. "வேற எதுவும் வேண்டாம்" என்று சொல்லி முடிக்காத வாடிக்கையாளர் யார்? தனிச் சொல்லை விட்டுவிட்டு அருகாமை விதி எழுதுங்கள்: 'கேன்சல்' வந்து, அடுத்த 4 சொற்களுக்குள் பண்ண* அல்லது செய்ய* (நட்சத்திரக் குறி என்றால் அப்படித் தொடங்கும் எந்தச் சொல்லும்). வினையை முழுச் சொல்லாகக் கொடுத்தால் பாதி தப்பும். நிறுத்த* என்று கொடுத்தால் நிறுத்திடுங்க, நிறுத்தணும், நிறுத்துங்க எல்லாம் அகப்படும். ஆனால் பண்ண* உங்கள் ஸ்கிரிப்டின் 'பண்ணிக்கலாம்' என்பதையும் பிடிக்கும், அதை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். "கேன்சல் பண்ண வேண்டாம்" என்பதும் அங்கேதான் போக வேண்டும், அது நேர் எதிர்ப் பொருள்.

எழுதும் முன், எஞ்சின் அந்தச் சொல்லை எப்படி எழுதுகிறது என்று டிரான்ஸ்கிரிப்டிலேயே தேடுங்கள். 'கேன்சல்', 'கான்சல்', ரோமன் எழுத்து என மூன்றும் கலந்து வரலாம். எரிச்சலூட்டும் இன்னொன்று: 'கொ' போன்ற எழுத்தின் ஒகரக் குறி யூனிகோடில் ஒரே குறியாகவும் இருக்கலாம், எகரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், தேடலுக்கு வேறு. விதியின் சொல், டிரான்ஸ்கிரிப்ட் இரண்டையும் என்எஃப்சி வடிவத்துக்கு (இரண்டு குறியையும் ஒன்றாக்கும் யூனிகோட் சீர்வடிவம்) மாற்றிவிட்டுத் தேடுங்கள்.

கேட்டவர்

சரி. த்ரெஷோல்டை எதை வைத்து முடிவு செய்வது?

பதில் 2

ஹிட் ஆனவற்றிலிருந்து குலுக்கல் முறையில் 100 எடுத்துக் கேளுங்கள். 80 சரியென்றால் துல்லியம் 80 சதவீதம். ஆனால் தப்பியவை இதில் தெரியாது, பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். சிஆர்எம்மில் (வாடிக்கையாளர் விவர மென்பொருள்) ஏஜென்ட் 'ரத்து' என்று டிஸ்போசிஷன் (கால் முடிந்ததும் பதியும் முடிவுக் குறிப்பு) போட்ட கால்களை எடுத்து, அவற்றில் எத்தனை ஹிட் ஆகவில்லை என்று பாருங்கள். தப்பியவற்றின் டிரான்ஸ்கிரிப்டில் சொல் சரியாக இருந்தால் விதியை விரியுங்கள். சிதைந்திருந்தால் எஞ்சின் சரியாக எழுத வேண்டிய சொற்களின் பட்டியலை அதற்குக் கொடுங்கள். சரியாக இருந்தும் கான்ஃபிடன்ஸ் குறைவால் விழுந்திருந்தால் மட்டுமே த்ரெஷோல்டை 5 புள்ளி வீதம் இறக்குங்கள்.

கேட்டவர்

பழைய கால்கள்?

பதில் 1

விதி மாற்றம் டிரான்ஸ்கிரிப்ட் மீதான தேடல்தான், பழையவற்றின் மேலும் மறுபடி ஓட்டலாம். பல மென்பொருளில் அது தானாக நடக்காது, தேதி வரம்பு கொடுத்து நீங்கள்தான் தொடங்க வேண்டும். சொற்பட்டியல் சேர்த்தால் டிரான்ஸ்கிரிப்ஷனையே திரும்பச் செய்தாக வேண்டும். கலந்து பதிந்த மோனோவுக்கு ஸ்பீக்கர் டயரைசேஷன்தான் (குரலை வைத்து யார் பேசியது என்று மென்பொருளே பிரிப்பது) மிச்சமிருக்கும் வழி. இருவரும் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் அது தடுமாறும், ஆகவே அந்தக் கால்களைத் தனி ரிப்போர்ட்டில் வையுங்கள், புதியவற்றோடு கூட்டாதீர்கள்.